டாக்காவிலிருந்து வந்த அழைப்பு

திகனயில் கண்டி பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் ஆசியக் கழகங்களுக்கான உதைபந்தாட்டக் கிண்ணப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. மைதானத்து இரைச்சல் காதில் விழுந்ததும் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது.

என் அண்ணன், எங்கள் வழக்கில் நானா, கொழும்புக் கழகமொன்றுக்கு ஆடினார். அதே போட்டிக்காக அவர் டாக்கா போயிருந்தபோதுதான் உம்மா மவுத்தானார். காலையில் அடுப்படியில் சரிந்தவர் எழும்பவேயில்லை. முந்தின வாரம் உம்மா கல்லில் அடித்துத் துவைத்த நானாவின் காலுறைகள் இன்னும் கொடியில் கிடந்தன.

"மகன் வெளயாடி முடியட்டும். இப்ப சொல்ல வாணாம்" என்றார் வாப்பா. உடனே புறப்பட்டாலும் நானாவால் ஜனாஸாவுக்கு வந்து சேர முடியாது. அன்றைக்கே அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவை அடக்கினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. நான் வாப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நானா சந்தோஷத்தில் கத்தியது எனக்கும் கேட்டது.

"வாப்பா, நான் கோல் போட்டேன்! உம்மாட்ட குடுங்களே."

"உம்மா தொழுகுறா மகன்."

"பரவால்ல வாப்பா. முடியும் வரைக்கும் லைன்ல நிக்கிறேன்."

வாப்பா ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். நானா அங்கே யாரிடமோ சிரித்துப் பேசியபடி காத்திருந்தார். கடைசியில் வாப்பா ரிசீவரை எடுத்து, "மகன்" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே நானாவின் சிரிப்பு நின்றது.

அந்தக் கோலை எப்படிப் போட்டார் என்று நானா இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.