வெறும் பொந்து

அன்று லாஸ்பேட்டை ஸ்டுடியோவில் முதலாளி, நான், அவர், மூன்று பேர்தான். அவர், எப்போதும் தனியாகவே வரும் நரைத்தாடி வாடிக்கையாளர். மரப்பொந்துகளை மட்டும் படமெடுப்பார். பறவை இல்லாத படங்களை, காசு வீணாகுமே என்று நான் பிரிண்ட் போடாமல் விட்டிருந்தேன்.

"இவரு பெரிய கலெக்டரு, தானே முடிவு பண்ணுவாரு," என்று முதலாளி என்னைக் காட்டி அவரிடம் சொன்னார். எட்டாவதோடு நின்ற எனக்கு, இந்த வேலையும் போய்விடுமோ என்று பயம்.

அவர் கோபப்படவில்லை. "வெறும் பொந்துதான் தம்பி எனக்கு வேணும். சின்ன வயசுல எங்கப்பா என்னை நெல்லுக் குதிருக்குள்ள போட்டு மூடிடுவாரு. பொந்து காலியா இருந்தா, உள்ள இருந்தது வெளிய பூடுச்சுன்னு ஒரு நிம்மதி."

எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தேன். ஒன்றில் மட்டும் இருட்டுக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. மறைத்துவிடலாமா என்று நான் தயங்குவதற்குள் அவரே எடுத்துப் பார்த்தார்.

"இது இன்னும் வெளிய வரல. நாளைக்குப் போய்ப் பாக்கறேன்," என்றார்.