சங்கிலி இடப்பக்கம் இருந்த சைக்கிள்கள்

பழைய படம் என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இப்போதெல்லாம் கொஞ்சம் மண்நிறம் பூசிவிட்டால் நேற்று எடுத்த படத்துக்கும் நூறு வயதாகிவிடுகிறது. போன வாரம் காசிம் கைத்தொலைபேசியில் கொண்டுவந்ததும் அப்படி ஒன்றுதான். நகரில் இளைஞர்கள் சிலர் வைத்த கண்காட்சியில் இருந்ததாம். ‘நூறாண்டுக்கு முந்திய யாழ்ப்பாணம், இடம் தெரியவில்லை’ என்று கீழே எழுதியிருந்தார்கள். தெருவில் ஒரு பெண் பிளாஸ்ரிக் வாளியோடு போய்க்கொண்டிருந்தாள். அது எந்தக் கப்பலில் வந்ததோ!

“மச்சான், இது எங்கடை கடையடா,” என்றான் காசிம்.

காசிம் என்னோடு படித்தவன். தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது ஒரு பையோடு புத்தளம் போய், தலை நரைத்தபின் திரும்பி வந்தவன். விட்டுப்போன வீட்டில் கூரையே மிஞ்சவில்லை. படங்கள் எங்கே மிஞ்சும்? வாப்பாவின் முகம் ஒரு கடதாசியிலும் அவனிடம் இல்லை. அதனாலேயே என் சந்தேகம் இரட்டித்தது. ஏங்குகிற கண்ணுக்கு எந்தப் படத்திலும் வாப்பா தெரிவார்.

அவர்களுடையது இரும்புக்கடை. கிறீஸும் புதுக்கயிறும் கலந்த மணம் தெருமுனைக்கே வரும். வீட்டில் வேலி அடைப்பு என்றால் ஆணி வாங்க என்னைத்தான் அனுப்புவார்கள். போன முறை வாங்கியது வளைந்துவிட்டது என்று ஒருநாள் முறைப்பட்டேன். “தம்பி, ஆணி நேராத்தான் போகும். அடிக்கிறவன்தான் கோணல்,” என்றார் காசிமின் வாப்பா. பிறகு கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், வேலைக்குப் போய்ப் பல மேலதிகாரிகளைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது.

“உங்கடை கடை சந்தையிலை இருந்து வரேக்கை இடக்கைப் பக்கம். இதிலை வலக்கைப் பக்கம் கிடக்கு. உது வேறை தெரு,” என்றேன்.

“கலியாண வீட்டிலை மாப்பிள்ளையின்ரை அடையாள அட்டையைக் கேக்கிற ஆள் நீ! வடிவாப் பாரடா.”

வடிவாகப் பார்த்தேன். சுவரோடு சாத்தியிருந்த சைக்கிள்களின் சங்கிலி இடப்பக்கம் இருந்தது. ஒன்றில் அல்ல, எல்லாவற்றிலும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சைக்கிளில் வளர்ந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சங்கிலி எப்போதும் வலப்பக்கம்தான். படச்சுருளைப் புரட்டிவைத்து, இடம் வலமாகப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் தொலைபேசியைப் பிடித்தேன். இரண்டு கிழவர்களும் தலையை நெருக்கிக்கொண்டு பார்த்தோம். கண்ணாடிக்குள் சங்கிலிகள் வலப்பக்கம் போயின. கடை இடக்கைப் பக்கம் வந்து நின்றது. வாசலில் இடுப்பில் சாரம் கட்டிய ஒருவர். தொங்கிய கயிற்றுச் சுருள்கள் முகத்தைப் பாதி மறைத்திருந்தன.

“வாப்பா,” என்றான் காசிம்.

கண்காட்சிக்காரரிடம் நான்தான் போனேன். படத்தின் கீழே காசிமின் வாப்பாவின் பெயரை எழுதச் சொன்னேன். “ஐயா, ஆரும் சொன்னாப்போலை எழுதேலாது. குடும்பத்தாரில்லாத ரெண்டு பேர் வந்து அடையாளம் சொல்லவேணும்,” என்றான் பொறுப்பான பெடியன். கோபிக்க முடியவில்லை. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

முதலாவது ஆள் நான். இரண்டாமவருக்காக நானும் காசிமும் அந்தத் தெருவில் கடைகடையாக நினைவில் நடந்தோம். எதிர்க்கடைத் தையற்காரர் கனடாவில் இறந்துபோனார். தேநீர்க்கடைக்காரர் ஷெல் விழுந்த அன்றே போனார். பக்கத்துக் கடைக்காரர்கள் புத்தளத்து மையவாடியில் அடங்கிவிட்டார்கள்.

ஒருகாலத்தில் அந்த முகத்தைக் காட்டி ஆர் என்று கேட்டிருந்தால், ஒரு தெருவே திரும்பிப் பதில் சொல்லியிருக்கும்.