ஆவுடை அக்கா மறுபடி எடுத்த படம்

ஒருவரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, ஐந்தருவியின் ஐந்து கிளைகளையும் சாட்சிக்கு நிறுத்தி இந்தக் கதையைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை குற்றாலம் கடைத்தெருவில் மங்குஸ்தான் பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். தங்கை மகள் முத்துச்செல்வி போனில் அழைத்தாள். "மாமா, ஸ்கேன் ஆவுடை அக்கா இறந்துட்டாவளாம். நெஞ்சுவலி." "சரி தாயி" என்றேன். பேரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பழம் வாங்கினேனா என்பது நினைவில்லை.

தென்காசியில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துவந்த ஆவுடையம்மாளை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர் முறைத்தால் காந்தமே இரும்பைக் கீழே போட்டுவிடும்.

ஆறு வருடத்துக்கு முன்பு முத்துச்செல்விக்கு ஏழாம் மாதம். வயிற்றுப் பிள்ளை வளரவில்லை. சாதாரண ஸ்கேனில் பிடிபடவில்லை. நஞ்சுக்கொடிக்குள் போதுமான ஆக்சிஜன் சேருகிறதா என்று எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால்தான், பிள்ளையை இப்போதே எடுப்பதா, இன்னும் விட்டுவைப்பதா என்று முடிவுசெய்ய முடியும் என்றார் டாக்டர். இரண்டில் எது தவறினாலும் பிள்ளை தங்காது. நானோ, காத்து கருப்பு அண்டாமலிருக்க அவள் கொண்டைக்குள் ஓர் இரும்பாணியைச் செருகி அழைத்துப்போனேன். எம்.ஆர்.ஐ. எந்திரம் என்னும் அவ்வளவு பெரிய காந்தத்துக்கு இரும்பைக் காணிக்கை கொண்டுபோன மாமேதை அகிலத்தில் நான் ஒருவன்தான்.

நகையெல்லாம் கழற்றிய பிறகும் அக்கா அவள் தலைமுடிக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"ஏட்டி, கொண்டையில என்னது?"

"மாமா வச்சுவிட்டாவ. காவலுக்கு."

அக்கா என்னிடம் திரும்பினார். "அண்ணாச்சி, பேய் ஓடுமோ என்னவோ, உள்ள போனா இந்த ஆணி பறக்கும். புள்ளைக்குக் காவல் வேணும்னா நீங்க வெளிய போயி உக்காருங்க."

அந்தக் காந்தம் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து மேலகரம் வரை இழுத்துப்போனதாக ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன்.

முதல் படம் கலங்கிவிட்டது, பிள்ளை புரண்டிருந்தது. உள்ளே முத்துச்செல்வி அழுவது கேட்டது. "போதும்மா, எடுத்ததக் குடுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று கதவருகே நின்று கத்தினேன்.

"மங்கலாக் குடுத்தா டாக்டரும் மங்கலாத்தான முடிவெடுப்பாவ? கத்தாதீங்க" என்றார் அக்கா. எந்திரத்தை உடனிருந்தவரிடம் ஒப்படைத்து, எந்திரத்தின் இரைச்சலுக்குக் காதை அடைத்துக்கொண்டு, உள்ளே போய்விட்டார்.

மறுபடி எடுத்த படத்தில், வெளிச்சமாக இருக்க வேண்டிய நஞ்சுக்கொடியின் பாதி இருண்டு கிடந்ததாம். மறுநாளே பிள்ளையை எடுத்தார்கள். ஒரு தேங்காயைவிடச் சற்றே பெரிது. இன்று ஒன்றாம் வகுப்பு. பொய்யில் என்னை மிஞ்சிவிட்டாள்.

அன்று எந்திரம் போட்ட சத்தத்தில் பேரருவி மலைமேல் திரும்ப ஏறியது என்றும், அக்கா ஓர் அதட்டு அதட்டியதும் பிள்ளை வயிற்றுக்குள் அட்டென்ஷனில் நின்றது என்றும் கல்யாண வீடுகளில் அளந்திருக்கிறேன். அக்காவே ஒருமுறை கேட்டுவிட்டு, "அளங்க அண்ணாச்சி, அளங்க" என்றார். புதன்கிழமை அவர் வீட்டில் மாலை போட்டேன்.

அருவி ஏறவில்லை. அக்கா அதட்டவுமில்லை. அன்று ஸ்கேன் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைசிப் படம் முடியும்வரை முத்துச்செல்வியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம் மிச்சமிருப்பது அந்தக் காட்சி. அது மட்டும் உண்மை.