எட்டு மணி நேரச் சூடு

ராக்காயியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் உருகி வழிகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மலாயாவில், பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பதினோரு வருஷம் டிரசராக இருந்தேன். ஆறு கட்டில் போட்ட கொட்டகைக்கு ஆஸ்பத்திரி என்று பெயர். மருந்து கொடுப்பது, புண் கழுவுவது, செத்தவர்களைப் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் சூசைநாதனாகிய நான்தான். கூலி ஜனங்கள் ஐயா என்று கூப்பிடுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. எல்லாரும் கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். ராக்காயி மட்டும், "இது எதுக்கு ஐயா? தண்ணியில போட்டா ஏன் செவக்குது?" என்று நிற்பாள். கேள்வி கேட்கிறவளை யாருக்குப் பிடிக்கும்?

1921-ல் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். புருஷன் மாயாண்டி ரப்பர் மரப்பட்டையை வெட்டிப் பால் எடுப்பவன், சாது. நாலு வருஷத்தில் இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் மாதம் நிறையாமல் பிறந்தவை. ஒன்று அன்றைக்கே சில்லிட்டுப் போனது, மற்றது மூன்றாம் நாள். இரண்டையும் நான்தான் எழுதினேன். அதற்கப்புறம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வெந்நீர் போடும் வேலைக்கு அவளை மாற்றினார்கள். அங்கேதான் அந்தப் பையைப் பார்த்தாள்.

துரையின் பெண்டாட்டி துரைசாணிக்கு இடுப்புவலி. அதற்காகச் சீமையிலிருந்து வரவழைத்த ரப்பர்ப் பை அது. நம் ஆட்கள் வடித்த பால் கப்பலேறிப் போய்ப் பையாகத் திரும்பி வந்திருக்கலாம், யார் கண்டது. உள்ளே தண்ணீர் இல்லை, ஓர் உப்பு. சோடியம் அசிடேட் என்பார்கள். ஸ்டோரில் ரப்பர்ப் பால் உறைவதற்கு ஊற்றுகிறோமே காடித் திராவகம், அதற்கு உறவு. பையைக் கொதிக்கிற தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் உப்பு உருகித் தண்ணீராகிவிடும். வெளியே எடுத்தால் மெல்ல மெல்ல உறையும். உறைய உறைய, வாங்கி வைத்த சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். எட்டு மணி நேரம் சூடு நிற்கும். உறைந்து ஆறினதும் மறுபடி கொதிக்க வைத்தால் மறுபடி எட்டு மணி நேரம். சாதாரணப் போத்தலில் ஊற்றிய வெந்நீர் இரண்டு மணி நேரத்தில் பச்சைத் தண்ணீர்.

ஒரு நாள் பை ஆறிப்போயும் உறையாமல் தண்ணீராகவே கிடந்தது. கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு என்றாள் துரைசாணி. எடுத்துக்கொண்டு போன ராக்காயி ஓரத்தில் அமுக்கிப் பார்த்திருக்கிறாள். விரலுக்கடியில் கடுகு கடுகாக ஏதோ தட்டுப்பட்டு, பை முழுக்க மளமளவென்று இறுகிச் சுட ஆரம்பித்துவிட்டது. வேலையை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"ஐயா, செத்துக் கெடந்துச்சு. ஒரு அமுக்குதான், உசுரு வந்துருச்சுலா!"

தெரிந்ததைக் காட்டிக்கொள்ள எனக்கும் ஆசை. "சாகல புள்ள. சூடு உள்ளுக்குள்ளயே தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நீ தட்டி எழுப்புன, எந்திரிச்சுருச்சு" என்றேன். அவள் வாய் பிளந்து கேட்டதில் எனக்கு மெத்த சந்தோஷம்.

1926 கார்த்திகையில் மழை விட்டபாடில்லை. ராக்காயிக்கு மூன்றாவதும் ஒன்றரை மாதம் முந்திக்கொண்டு பிறந்தது. பெண். எலிக்குஞ்சு அளவு. மறுநாள் காலையில் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாள். ஒரு கட்டில் கேட்டாள். கட்டில் காலியாகத்தான் இருந்தது. எனக்கு ஈப்போவில் ஒரு கல்யாணம், பதினொரு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். சாகப்போகிற பிள்ளைக்காக நிற்க முடியுமா?

"கட்டிலெல்லாம் வேணாம். சூடு ஆறாமப் பாத்துக்க. சூடு இருக்கற வரைக்கும் உசுரு இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மருத்துவப்படி தப்பான பேச்சு இல்லை. ஆனால் அவளை விரட்டத்தான் சொன்னேன்.

ஈப்போவில் நாலு நாள் தின்று தூங்கிவிட்டு வந்து, பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் சாவு சொல்ல வரவில்லை. கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ப் பார்த்தால், சீமைப் பால் டின் வந்த மரப்பெட்டியில் இலவம் பஞ்சு பரப்பி, நடுவே பிள்ளை. பஞ்சுக்கடியில் துரைசாணியின் பை! துரைசாணி தைப்பிங் மலைக்குக் காற்று வாங்கப் போயிருந்தாள். பங்களாச் சாமான் அறையிலிருந்து ராக்காயி அதை எடுத்து வந்துவிட்டாள். ஒரு நாளைக்கு மூன்று தரம் கொதிக்க வைத்து, முழங்கையில் வைத்துச் சூடு பார்த்து, பஞ்சுக்கடியில் தள்ளுகிறாள். துணித்திரியைப் பாலில் நனைத்துச் சொட்டுகிறாள். பிள்ளை திரியைச் சப்பியது. நானே பார்த்தேன்.

"பதினாறாம் நாளு பேரு வைக்கணும் ஐயா. நீங்க வரணும்" என்றாள். மாயாண்டி தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பத்தாம் நாள் துரைசாணி மலையிலிருந்து இறங்கினாள். அவள் வளர்த்த நாய் அந்த வாரம்தான் நாலு குட்டி போட்டிருந்தது. மழைக் குளிருக்குக் குட்டிகள் நடுங்கின. பை எங்கே என்று கேட்டாள். விஷயம் வெளியே வந்தது. திருட்டு என்று போலீசுக்குப் போகாததே பெரிய தயவு என்றார் துரை. மருந்துச் சாமானாயிற்றே என்று வாங்கி வர என்னை அனுப்பினார்கள்.

பஞ்சுக்கடியில் கையை விட்டு நான்தான் உருவினேன். பை நல்ல சூட்டில் இருந்தது.

"ஐயா, நாய்க்குட்டிக்குச் சாக்கு போதும்லா. அதுக்கு ஆத்தா ஒடம்பே சூடுதானே" என்றாள்.

"நீயும் ஆத்தாதானே? நெஞ்சுல போட்டுக்க."

"எப்படிப் போட்டுக்குறது? நாளைக்கே பங்களா வேலைக்கு வரச் சொல்லிட்டாங்களே!"

பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். நாய்க்குட்டிகளுக்காக அந்தப் பையைக் கொதிக்க வைப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் பன்னிரண்டுக்குத்தான் விடுவார்கள். மறுபடி நாலு மணிக்குப் போக வேண்டும். பிள்ளையைப் பங்களா அடுப்படியில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கெஞ்சியிருக்கிறாள். துரைசாணி என்னைக் கூப்பிட்டு, லயத்துக் குழந்தையால் குட்டிகளுக்கு நோய் ஒட்டுமா என்று கேட்டாள். ஒட்டாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒட்டலாம் என்றேன். துரைசாணி என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினதில் அன்றைக்கு எனக்குச் சோறு ருசியாக இருந்தது.

ராக்காயி விடியற்காலையில் மூன்று போத்தலில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, பிள்ளைக்கு அணைவாக வைத்துவிட்டுப் போவாள். எட்டு மணிக்கே போத்தல் ஆறிவிடும். லயத்தில் அந்நேரம் யார் இருப்பார்கள்? மாயாண்டி உட்பட எல்லாரும் ரப்பர்க் காட்டில். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளை அந்த ஆறின போத்தல்களுக்கு நடுவே கிடக்கும். பங்களாவிலோ பை எட்டு மணி நேரமும் குறைவில்லாமல் சுட்டது. அதைப் பார்த்துக்கொண்டது அவள் கைதான்.

இரண்டு நாள் பிள்ளை தாக்குப் பிடித்தது. பதின்மூன்றாம் நாள் மத்தியானம் மாயாண்டி மழையில் நனைந்தபடி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

பிள்ளை ராக்காயியின் மடியில் கிடந்தது. உதடு நீலம். விறைக்கத் தொடங்கிவிட்டது. செத்து நாலைந்து மணி நேரமாவது ஆகியிருக்கும். அவள் அழவில்லை. கட்டைவிரலால் பிள்ளையின் உள்ளங்காலை அமுக்கினாள். பிறகு தோள், பிறகு கை. ஓரம் ஓரமாக, நிதானமாக, ஓர் இடம் விடாமல் அமுக்கிக்கொண்டே வந்தாள்.

"என்ன புள்ள பண்ற?"

நிமிர்ந்து பார்த்தாள். மருந்து எதற்கு என்று கேட்கிற அதே முகம்.

"அன்னைக்குப் பையும் இப்பிடித்தான் சில்லுன்னு கெடந்துச்சு ஐயா. சூடு உள்ளுக்குள்ள தூங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எந்த எடத்துல அமுக்கணும்னு தெரியல. கொஞ்சம் காட்டுங்க."

நான் காட்டவில்லை. பேர் வைக்காத பெண் குழந்தை, பிறவிப் பலவீனம் என்று எழுதினேன். மணி பார்த்தேன், மூன்றே முக்கால். நாலு மணிக்குப் பையைக் கொதிக்க வைக்க வேண்டும். பிள்ளையை அவள் மடியிலிருந்து வாங்கி மாயாண்டியிடம் கொடுத்துவிட்டு, அவளை எழுப்பி அனுப்பியது நான்தான்.