வடக்கிலிருந்து வந்த வியாதி அல்ல

சித்தப்பா, அக்காவைப் பரிசோதனை வரிசையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது நீங்கள்தான். அவர் நோயில் படுத்தபோது அவர் பெயரைக் கெடுத்ததும் நீங்கள்தான். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று உறவினர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன்.

அக்கா மேனாம்பேட்டில் பிறந்தார். எனக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு இழுத்துப் போனவர் அவர்தான். மாமாவுக்கு ஆவடி தொழிற்சாலையில் வேலை. மாற்றல் வந்து இருவரும் சில ஆண்டுகள் வடக்கே இருந்தார்கள். திரும்பியதும் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். அங்கே புதிதாக வந்த வடநாட்டுப் பெண்களுக்காகக் காய்கறிக்காரரிடம் தமிழில் சண்டை போட்டுவிட்டு, அவர்களிடம் இந்தியில் சிரிப்பார்.

குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. அக்கா வரிசையில் நின்றார். குவார்ட்டர்ஸ் சங்கத் தலைவரான நீங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள்: "இன்னாம்மா இது? அது வடநாட்டு வியாதி. நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு இன்னா வரப்போவுது? ஊட்டுக்குப் போ."

அக்கா உங்கள் பேச்சைத் தட்டியதில்லை. வந்துவிட்டார். பின்னால் நின்ற பெண்களும் கலைந்தார்கள்.

பிறகு உதிரப்போக்கு தொடங்கியது. கண்டுபிடித்தபோது நோய் முற்றியிருந்தது. ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்த நீங்கள், வார்டு வாசலில் நின்று, "வடக்கே இருந்து புடிச்சிகினு வந்துட்டா" என்றீர்கள். மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அக்கா காதிலும் விழுந்தது.

"கிருமி இன்னா, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வாங்கிகினா வந்துச்சி?" என்று சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இது வடக்கே ஒட்டியதுதானா என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். "இந்தப் புத்துநோயைக் கொண்டுவர்ற கிருமி உடலுறவுல ஒட்டுறது. அதுல நிறைய வகை இருக்கும்மா. எந்த வகை எவ்வளவு பரவியிருக்குன்றது ஊருக்கு ஊர் மாறும். ஆனா உங்க அக்காவுக்கு இருந்த வகை அங்கயும் உண்டு, இங்கயும் உண்டு. வருஷக்கணக்கா சத்தமில்லாம உள்ள கிடக்கும். எங்க ஒட்டுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. முன்னாடியே டெஸ்ட் எடுத்திருந்தா, புத்துநோயா மாறுறதுக்குள்ள பிடிச்சிருக்கலாம்" என்றார்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த, மாமாவின் ஷிஃப்ட் நண்பர்களுக்கும், கடைசி நாட்களில் அக்காவின் உடம்பைத் துடைத்துவிட்ட பக்கத்து வீட்டு வடநாட்டுப் பெண்மணிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்த மாதம் அதே கூடத்தில் மறுபடியும் முகாம். உங்கள் பேச்சை நம்பிப் பெண்கள் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார்கள். சித்தப்பா, இன்று படையல் முடிந்ததும் என் கையைப் பிடித்துச் சமாதானம் பேச வராதீர்கள். முகாம் அன்று மைக்கைப் பிடியுங்கள். எதை வைத்து அக்காவை வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்று, அந்த வரிசையில் நிற்கும் பெண்களுக்குப் பதில் சொல்லுங்கள்.