ஏழாம் நாளுக்கு அப்புறம்

என் அண்ணன் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்த அன்று, நான் பெங்களூரில் ஒரு வெள்ளெலியின் மண்டையில் அடி விழும்படி கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். சொன்னால், சுவைக்காகச் சேர்த்தது என்பார்கள். என் பிழைப்பே அதுதான் என்பதால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எந்தக் கிழமை விழுந்திருந்தாலும் அநேகமாக அதைத்தான் செய்துகொண்டிருந்திருப்பேன். மூளையில் அடிபட்டால் செல்கள் எப்படிச் சாகின்றன, சாவதைத் தடுக்க முடியுமா என்று பார்ப்பதும், பார்த்ததைக் கட்டுரையாக எழுதுவதும் என் வேலை. பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் உண்டு. ஆனால் மனுசருக்கு ஓர் ஊசி போடத் தெரியாது.

ஏற்காட்டு மலையில் வாழவந்திக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள். நான் மலை இறங்கிவிட்டேன். அண்ணன் அதே எஸ்டேட்டில், அதே வீட்டில் தங்கிவிட்டான். அவனும் அண்ணியும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. என் முதல் கட்டுரை வெளியானபோது அதன் முதல் பக்கத்தை ஏற்காட்டில் ஒரு போட்டோ கடையில் கொடுத்து, கண்ணாடி போட்டு, இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டினான். தெருவில் போகிறவனைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டுவானாம். "தங்கச்சி எழுதுனதுங்க. மூளையப் பத்தி" என்பானாம். என் முன்னால் மட்டும் "எலி டாக்டரு" என்று கிண்டல் செய்வான்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு படி கேட்டு வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தான். இங்கிலீஷ் அவனுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஒருமுறை கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது, "உள்ள என்னதான் இருக்குதுன்னு சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டான். அண்ணியும் வந்து உட்கார்ந்தாள். அவர்களுக்குத் தெரிந்ததை வைத்தே சொன்னேன். காற்றில் ஒரு நிழல்மரம் சாய்ந்தால் அடியில் சிக்கிய காப்பிச் செடிகள் அன்றைக்கே போய்விடும். அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. சுற்றியிருக்கும் செடிகள் மேல் மரம் படவே இல்லை. ஆனால் நிழல் போனதால் அவை ஒவ்வொன்றாகப் பழுத்து, இலை உதிர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காயும். மூளையிலும் அப்படித்தான். அடிபட்ட இடத்துச் செல்கள் உடனே வெடித்துச் சாகின்றன. சுற்றியுள்ளவை நாள் கணக்கில், ஓர் ஒழுங்கோடு, தங்களைத் தாங்களே சுருட்டிக்கொண்டு சாகின்றன. அந்தச் சுற்றுச் செடிகளைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் என் கட்டுரைகள் எல்லாவற்றிலும் இருக்கும் கேள்வி.

"முடியுமா?" என்றான் அண்ணன்.

"எலியில கொஞ்சம் முடியுது. இந்த மருந்து உதவலாம்னு தோணுது."

"உதவலாம், தோணுது, இருக்கலாம். வெண்டைக்காய வெளக்கெண்ணெய்ல வதக்குன மாதிரி வழவழன்னு! எங்க எஸ்டேட் ரைட்டரு இப்பிடிக் கணக்கெழுதுனா தொரை அன்னைக்கே அனுப்பிச்சுருவாரு."

எங்கள் தொழிலில் அப்படித்தான் எழுத வேண்டும். உறுதியாக எழுதினால் யாரும் அச்சிட மாட்டார்கள். அதை அவனிடம் சொன்னபோது இன்னும் சிரித்தான்.

மிளகுப் பறிப்பில் விழுந்தான். ஒற்றை மூங்கிலில் கணுக்களைப் படியாக விட்டு வெட்டிய ஏணியில் ஏறித்தான் அங்கே நிழல்மரங்களில் படர்ந்த மிளகைப் பறிப்பார்கள். சிறு வயதிலிருந்து ஏறியவன். ஏணி நழுவியதா, கால் நழுவியதா என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. எஸ்டேட் ஜீப்பில் போட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி, அடிவாரத்தில் ஆம்புலன்ஸுக்கு மாற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஜீப் வருவதற்குள் அண்ணி ஒரு காரியம் செய்திருக்கிறாள். வீட்டுக்கு ஓடி, டிரங்குப் பெட்டியைத் திறந்து, என் கட்டுரைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் திணித்துக்கொண்டாள். மாற்றுச் சேலை எடுக்கவில்லை, போர்வை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் வந்த டாக்டரிடம் பையை நீட்டி, "ஏனுங்க, இது எங்க நாத்தனார் எழுதுனதுங்க. மண்டைல அடிபட்டா என்ன செய்யோணும்னு எல்லாம் இதுல இருக்குதுங்க. இதப் பாத்து வைத்தியம் பண்ணுங்க சாமி" என்றிருக்கிறாள். அவர் சின்னப் பையன். பையை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. பையைப் பற்றி அண்ணி சொன்னதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம்கூட இல்லை, மானம் போன மாதிரி இருந்தது. அந்த டாக்டரைத் தேடிப் போனேன். பை அவர் மேஜைமேல் இருந்தது. மேலே இருந்த கட்டுரையை மடித்துப் பிடித்திருந்தார், படித்திருக்கிறார். "மேடம், நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். அதில் உள்ள எந்த மருந்தும் இன்னும் எந்த மனுசனுக்கும் வரவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குப் போல் என்றைக்கும் என் எழுத்தின்மேல் எனக்கு வெறுப்பு வந்ததில்லை.

அண்ணன் பிழைத்தான். ஊரே கோயிலில் பூசை வைத்தது. கை கால் வந்தது, பேச்சு வந்தது. ஆள் மட்டும் வரவில்லை.

அடுத்த வருடம் கோடை மழைக்குப் பிறகு காப்பி பூத்தபோது லீவு போட்டுவிட்டுப் போனேன். மலை முழுக்க அந்த மணம். அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரே வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்த செடிகளைப் பார்த்து, "என்னடா இது, சுண்ணாம்பா?" என்றான். மோப்பம் போய்விட்டது. நெற்றிப் பக்கம் அடிபட்டால் போகும், எனக்குத் தெரியும். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுசன், இப்போது வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. கோயிலில் பங்குச் சாமியாரையே திட்டியதால் கூட்டிப் போவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணியின் புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு, காப்பி டம்ளரை வீசியது. அவளாவது வேலை செய்தால்தான் எஸ்டேட் கொடுத்த வீடு நிலைக்கும். வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவன் கதவை உதைப்பது மேட்டுத் தோட்டம் வரைக்கும் கேட்குமாம்.

அவளுடைய அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே வேலை வாங்கித் தருகிறேன், வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சேலத்துப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் அண்ணனைச் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்கள். அண்ணி பதில் சொல்லாமல் இழுத்தடித்தாள். நான் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மண்டையைப் பற்றி எழுதியவள் நான்தானே.

மத்தியானம் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். "கண்ணு, அந்த எலிங்க என்ன ஆச்சு?"

"எந்த எலிங்க அண்ணி?"

"மருந்து போட்டுப் பொழச்சுதுன்னு சொன்னியே. அதுங்க அப்பறம் எப்பிடி இருந்துச்சு? கோவப்படுமா? கூட இருக்கறதக் கடிக்குமா?"

அவள் கேட்பது எலியைப் பற்றி அல்ல என்பது எனக்குப் புரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம்.

"ஏழாம் நாள் கொன்னுருவோங்க அண்ணி. மூளைய எடுத்துச் சீவி, கண்ணாடில வெச்சுப் பாத்தாத்தான் எத்தன செல்லு தப்புச்சுன்னு தெரியும்."

"பொழச்சதயுமா?"

"எல்லாத்தயும்தான்."

பூண்டை அப்படியே வைத்தாள். "அப்ப அதுக்கு அப்பறம் அதுங்க எப்பிடி இருக்கும்னு நீங்க பாக்கவே இல்லியா?"

"வேற சில பேரு மாசக்கணக்குல வெச்சுப் பாக்கறாங்க. நாங்க பாக்கல."

இத்தனை வருடத்தில் ஒவ்வொரு கட்டுரையிலும் அந்த ஒரு வரியை எழுதியிருக்கிறேன், ஏழாம் நாள் விலங்குகள் கொல்லப்பட்டன என்று. கை தானாக எழுதும். அப்படி ஒரு எட்டாம் நாள் இருக்கும், அன்றைக்கு யாராவது எழுந்து சோறாக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"நொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தேன்" என்றாள் அண்ணி. "அவரு திரும்பி வருவாரா, மாட்டாரா? வரலாம், இருக்கலாம்னு சொல்லாத. உங்கண்ணனுக்கே அது புடிக்காது."

நான் அவளைப் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் திருப்பூருக்குப் போய்விட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. அண்ணன் என் ரத்தம்தான், ஆனாலும் இந்த வீட்டில் இரண்டாவதாக ஓர் ஆள் காய்ந்துபோவதைப் பார்க்க என்னால் முடியாது. உண்மையைச் சொன்னால் அவள் விடுபடுவாள் என்று நம்பினேன்.

"வரமாட்டாருங்க அண்ணி" என்றேன். "கோவம் கொஞ்சம் கொறையும். பழைய ஆளு வரமாட்டாரு."

என் கட்டுரை எதிலும் இப்படி ஒரு வாக்கியம் கிடையாது. அவள் அழவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா, நான் வரலீங்க. அந்த வேலைய வேற யாருக்காச்சும் சொல்லிருங்க" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க அண்ணி? அதுக்காகத்தான நான் சொன்னேன்!"

"வந்துருவாருன்னு நீ சொல்லியிருந்தா அந்தக் கன்னியாஸ்திரிங்க கிட்ட உட்டுட்டுப் போயிருப்பேன் கண்ணு. சொகமானதும் போய்க் கூட்டிட்டு வந்துருப்பேன்" என்றாள். "வராத ஆள அங்க எப்பிடி உடறது?"

வாசலிலிருந்து அண்ணன் "ஏய்!" என்று கத்தினான். அவள் பெயர் அவன் வாயில் வந்து மாதக்கணக்காகிவிட்டது.

"இதா வர்றனுங்க" என்று அண்ணி எழுந்து போனாள்.