நாலு கட்டை இறக்கிக் கேட்ட குரல்

எங்கள் அத்தானுக்குத் தெருவில் வைத்த பெயர் ‘என்னது’. யார் என்ன சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்பார். அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பெரிய மெஷினோடு மல்லுக்கட்டியவர். வேலையை விட்டு வந்தபோது காதை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அதிலும் ஒரு கூத்து. தடித்த சத்தமெல்லாம் கேட்கும், கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் போய்விட்டது. லாரி வந்தால் தெரியும், காலிங் பெல் அடித்தால் தெரியாது. என் அக்காவுக்கோ பிறவியிலேயே ஊசிக்குரல். நல்ல பொருத்தம், போங்கள்.

காதுக்கு மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தோம். விசிலடிக்கிறது என்று மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டார். நான் அவர்கள் வீட்டு மாடியில் இருப்பவள், பள்ளிக்கூட ஆபீசில் வேலை. என் பழைய கம்ப்யூட்டரை அவர் தலையில் கட்டினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த புண்ணியம் என்னுடையது. சீட்டு ஆடுவார், செய்தி படிப்பார் என்று நினைத்தேன். மனிதர் ஒரு ஒயரைச் செருகி, தன்னிடமிருந்த எழுபது கேசட்டையும் அதற்குள் ஏற்றிவிட்டார்.

அதோடு விட்டாரா? பாட்டை வெட்டி ஒட்டுகிற புரோகிராம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பாட்டு திரையில் குன்றும் பள்ளமுமாக நீண்டு ஓடும். முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, பாடகி எருமை மாதிரி முக்குகிறாளே என்று மூன்று நாள் வருத்தப்பட்டார். பிறகு வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் இறக்கக் கற்றுக்கொண்டார். நாலு கட்டை இறக்கியதும், வருடக்கணக்காகக் காதில் விழாத ஒரு புல்லாங்குழல் அவருக்குக் கேட்டது. அன்று மத்தியானம் முழுக்க ஹெட்போனோடு ஜன்னல் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் மடியிலிருந்து இறங்கி, தரையில் நகர்ந்து, சுவரேறிப் போனது. கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் சொன்னார். “உங்க அக்கா பாட்டைக் கேக்கணும்மா.”

அக்கா அதே அறையில்தான் துணிக்கு இஸ்திரி போடுவாள். அப்போது அவள் வாய் அசைந்துகொண்டே இருக்கும். பாட்டு முணுமுணுக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள். அத்தான் இருந்தால் நிறுத்தமாட்டாள். கல்யாணமான புதிதில் அவருக்காக அவள் பாடியிருக்கிறாளாம். அதை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

“பாடச் சொல்ல வேண்டியதுதானே அத்தான்?” என்று கத்தினேன்.

“எனக்குக் கேக்கணும்னா கத்திப் பாடணும். கத்தினா அது பாட்டா?”

காதும் காதும் வைத்த மாதிரி ஒரு சின்ன மைக்கை மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அக்கா இஸ்திரி போட்டு முடித்து, கொடியில் மிச்சத் துணி எடுக்கக் கொல்லைப் பக்கம் போனதும், பதிவானதை நாலு கட்டை இறக்கிக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“எனக்குக் கேக்கறது சரிதானான்னு நீ சொல்லு.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஆண்குரலும் இல்லை, பெண்குரலும் இல்லை. தூக்கத்தில் யாரோ பேசுவது மாதிரி, அடியிலிருந்து வந்தது. பாட்டே இல்லை, பேச்சு.

“பக்கத்து வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருக்குங்க. ஒண்ணு உங்கள மாதிரியே முழிக்குது.” இஸ்திரிப்பெட்டி உஸ்ஸென்றது. “கண் டாக்டர்கிட்டப் போனேன். இடது கண்ல ஆபரேஷன் பண்ணணுமாம். பயமா இருக்கு. கூட வாங்கன்னு கத்திச் சொன்னா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும். அதான், தினமும் சொல்ற மாதிரி இதையும் இப்படியே சொல்லிட்டேன். வருவீங்கல்ல?”

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கூடப் பிறந்தவள், என்னிடம்கூட மூச்சு விடவில்லையே. அவர் கேட்டது சரிதான் என்று தலையை ஆட்டினேன்.

“தினமுமா,” என்றார் அத்தான், என்னிடம் இல்லை. எழுந்து கொல்லைப் பக்கம் நடந்தார். பின்னாலேயே போனேன்.

“நான் வரேன்,” என்றார் அக்காவிடம்.

எங்கே என்று அவள் கையை ஆட்டிக் கேட்டாள்.

“கண் ஆபரேஷனுக்கு.”

போர்வையைப் பாதி உருவிய கை அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “அதை எப்பக் கேட்டீங்க?” என்றாள், வழக்கம்போல மெதுவாகத்தான். அவருக்கு அது கேட்கவில்லை.

“தேதி என்னிக்குன்னு நீ சொல்லவே இல்லையே,” என்றார்.